மெல்லும்போது பல் வலி: எந்த நொடியில் வலிக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

பல் வலி என்றதும் எல்லோரும் கேட்பது, எவ்வளவு வலிக்கிறது என்றுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்வி அதிகம் உதவாது. அடைத்த பல் மயிரிழை உயரமாக இருந்தாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். வேர்நுனியில் சீழ் கட்டிய பல் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். கடிக்கும்போது வலிக்கிறதா, கடியை விடும்போதா, சாப்பிட்டு முடித்த பிறகா, காலையில் எழுந்ததுமா? இதற்குத் தெளிவான பதில் இருந்தால், எந்தப் பல், என்ன கோளாறு என்பதில் பாதி தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியாத கோளாறுகளும் இப்படித்தான் பிடிபடுகின்றன.

இவை இருந்தால் கீழே படிக்காமல் கிளம்புங்கள்

கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, கூடவே காய்ச்சலும் இருப்பது. விழுங்க, மூச்சுவிடச் சிரமம். நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கு மேலே தூக்கப்படுவது. கண்ணைச் சுற்றி வீக்கம். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போவது. இவற்றில் எது இருந்தாலும், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். படியேறும்போது, வேகமாக நடக்கும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றால் அடங்குகிறது என்றால் அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். பல் டாக்டரைத் தேட வேண்டாம், ஈசிஜி எடுக்கப் போங்கள்.

பல் எப்படிச் சுமை தாங்குகிறது

பல், சுவரில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைக் கயிறு தாங்குவது போல, பல்லை இந்த நார்ப்படலம் தொங்கவிட்டுத் தாங்குகிறது. மேலிருந்து அழுத்தினால் பல் மி.மீ.யில் நூறில் சில பங்கு கீழே இறங்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதைவிட அதிகமாக, சுமார் 0.1 மி.மீ. வரை அசையும். இது எல்லோருக்கும் உள்ள இயல்பான அசைவு.

சாதாரணமாகச் சோறும் கறியும் மெல்லும்போது கடைவாய்ப் பல்லில் 7 முதல் 15 கிலோ அளவுக்குச் சுமை விழும். முழுப் பலத்தோடு கடித்தால் பலருக்கு 50, 60 கிலோவைத் தாண்டும். வெட்டுப்பல்லில் 10 முதல் 20 கிலோதான். ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் பாக்குவெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டைப்பாக்கை நுனியில் வைத்தால் நசுங்காது, ஆணி இருக்கும் மூட்டை ஒட்டி வைத்தால் பிளந்துவிடும். தாடை மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு மிக அருகில் இருப்பவை கடைசிக் கடைவாய்ப் பற்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களில் விரிசல் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு சுமையைத் தாங்கும் பல், கிளிப் போட்டால் 50 முதல் 100 கிராம் விசைக்கே ஏன் நகர்கிறது? காரணம் நேரம். ஒரு மெல்லலில் பற்கள் தொட்டிருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் நார்ப்படலத்தில் இருக்கும் திரவம் வெளியேற முடியாது, மெத்தை போல நின்று சுமையை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் மூன்று முதல் ஐந்து நொடி நீடித்தால் திரவம் பிதுங்கி வெளியேறி, நார்ப்படலமே எலும்போடு நசுங்கி வலிக்கத் தொடங்கும். மணிக்கணக்கில் நீடித்தால் எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்து பல் இடம் மாறும். பெரிய சுமை கொஞ்ச நேரம் என்றால் பல்லுக்குப் பிரச்சினை இல்லை, சிறு சுமையானாலும் நெடுநேரம் என்றால் தாங்காது. கீழே வரும் பல கோளாறுகளுக்கு அடிப்படை இதுவே.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சோற்றில் கல் கடிபட்டவுடன் நாம் நினைப்பதற்குள் தாடை தானாகத் திறந்துவிடுகிறதே, அந்த எச்சரிக்கையைக் கொடுப்பது நார்ப்படலத்தில் உள்ள நரம்புகள். பற்களுக்கு நடுவே 0.02 மி.மீ. தகடு இருந்தாலும் அவை உணரும். பல்லுக்கு உள்ளே இருக்கும் மென்சதையான பல்கூழின் நரம்பு வேறு வகை. அதற்குத் தெரிந்ததெல்லாம் வலி மட்டும், எந்தப் பல் என்பதை அது சரியாகக் காட்டாது. அதனால் கூழ் வலிக்கும்போது மேல்பல்லா கீழ்ப்பல்லா என்றுகூடக் குழம்பும். நார்ப்படலம் வலித்தால் விரலை வைத்தே காட்டிவிடலாம்.

வீட்டில் செய்யும் சோதனை: பத்து நிமிடம்

தேவையானவை: கண்ணாடி, செல்போன் டார்ச், காது குடையும் பஞ்சுக்குச்சி நான்கைந்து, சிறு ஐஸ் துண்டு, ஒரு ஸ்பூன். வலி மாத்திரை போட்டு ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் முடிவு தப்பாக வரும்.

1. ஸ்பூனின் காம்பால் பல்லின் தலையில் மெல்லத் தட்டுங்கள். வலியில்லாத பக்கத்தில் ஆரம்பித்து, அந்த உணர்வைத் தெரிந்துகொண்டு, பிறகு சந்தேகப் பல்லுக்கு வாருங்கள். நேர்மேலாக ஒருமுறை, கன்னப்பக்கமிருந்து ஒருமுறை.
2. பஞ்சுக்குச்சியின் பஞ்சு முனையைச் சந்தேகப் பல்லின் ஒரு கூம்பின் (பல்லின் தலையில் மேடாக எழும்பிய முனை) மேல் மட்டும் வைத்து மெதுவாகக் கடியுங்கள். ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு சட்டென்று விடுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு நான்கு, ஐந்து கூம்புகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடிக்கும்போதா, எண்ணும்போதா, விடும்போதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்குச்சி, பேனா, ஆணி எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.
3. ஐஸைப் பஞ்சில் சுற்றி, ஈறை ஒட்டிய இடத்தில் பல்லில் வைத்து எடுங்கள். எடுத்த பிறகு கூச்சம் எத்தனை நொடி நிற்கிறது? ஓரிரு நொடியில் அடங்கினால் கூழ் நன்றாக இருக்கிறது. அரை நிமிடத்தைத் தாண்டி நின்றால் கூழ் மீள முடியாத அளவுக்கு வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பற்கள் கூசும்போது இது மட்டும் ஒன்றுமே உணரவில்லை என்றால், உள்ளே கூழ் செத்திருக்கலாம்.
4. ஆள்காட்டி விரலை மேல்பற்களின் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு, பற்களை டக் டக் என்று மூடுங்கள். எந்தப் பல்லாவது விரலில் அதிர்ந்தால், அந்தப் பல்மேல் மற்றவற்றைவிட அதிகச் சுமை விழுகிறது.

இந்த நான்கின் முடிவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் அதை மதிப்பார்.

கடியை விடும் நொடியில் சுள்ளென்கிறது

இது விரிசல். முறுக்கு, வறுகடலை, பட்டாணி, ஆட்டு எலும்பு ஏதோ ஒன்றைக் கடித்த நாளிலிருந்து ஆரம்பித்ததாகச் சிலருக்கு நினைவிருக்கும், பலருக்கு இருக்காது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கடித்தால்தான் வரும். பத்து வாயில் ஒன்பது வாய் ஒன்றும் செய்யாது, பத்தாவது வாய்க்கு மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீருக்கும் கூசலாம். தட்டினால் பெரும்பாலும் வலிக்காது.

விடும்போது ஏன்? கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் நுண்ணளவு விலகுகின்றன. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதிக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு, அவற்றில் திரவம் இருக்கிறது. விட்டவுடன் விலகிய பகுதி பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்ப, திரவம் சடாரென்று எதிர்ப்பக்கம் ஓடி நரம்பு நுனியைச் சுண்டுகிறது.

எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் விரிசல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக ஓடுகிறது, எக்ஸ்ரே பக்கவாட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. புத்தகத்தின் அட்டையை முன்னிருந்து பார்த்தால் நடுவில் இருக்கும் பிளவு தெரியுமா? மருத்துவர் பார்க்க வேண்டியவை மூன்று. பழைய அடைப்பை எடுத்துவிட்டு அடியில் சாயம் தடவிப் பார்ப்பது. பல்லின் பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சுவது (விரிசலைத் தாண்டி ஒளி போகாது, ஒரு பாதி இருண்டு நிற்கும்). ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோல் விட்டுப் பார்ப்பது. சுற்றிலும் 2, 3 மி.மீ. இருக்கும் ஆழம் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 7, 8 மி.மீ. இறங்கினால் விரிசல் வேர்வரை போயிருக்கலாம். அப்படியானால் பல்லைக் காப்பாற்றுவது கடினம்.

யாருக்கு வரும்? பெரிய அடைப்பு உள்ள பல்லுக்கு முதலில் வரும். முன்கடைவாய்ப் பற்களை ஆய்வகத்தில் அளந்தபோது, ரூட் கேனாலுக்கான துளை மட்டும் போட்டால் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. மேற்பரப்பில் அடைப்புக்குழி தோண்டினால் 20 சதவீதம். முன், பின் ஓரங்கள் இரண்டையும் சேர்த்து வெட்டினால் 63 சதவீதம். பானையின் விளிம்பு போனால் பானை என்ன ஆகும் என்பதுபோல, பல்லுக்கு ஓரத்து மேடு இரண்டும்தான் கட்டு. ரூட் கேனால் செய்த பல் ‘காய்ந்துபோய்’ உடைகிறது என்று பரவலாகச் சொல்கிறார்கள். உடைவதற்கு முக்கியக் காரணம், சொத்தையிலும் சிகிச்சையிலும் அதன் சுவர்கள் போய்விட்டதுதான். அதனால் ரூட் கேனால் முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடுவதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். செலவழித்த பணமும் பல்லும் ஒன்றாகப் போகும்.

சிகிச்சை, விரிசலைப் பிணைப்பது. பலர் முதலில் பல்லைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டையை ஒட்டி இரண்டு, மூன்று வாரம் பார்ப்பார்கள். வலி நின்றால் கூழ் பிழைத்திருக்கிறது, கேப் போதும். வலி தானாக வரத் தொடங்கினால் ரூட் கேனாலும் சேரும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லவே கூடாது. விரிசல் எலும்பு முறிவைப் போல ஒட்டாது, ஒவ்வொரு கடியிலும் கொஞ்சம் நீளும்.

புதிதாக அடைத்த பல், புது கேப்: கடித்தவுடன் வலி

சிகிச்சை முடிந்த அன்று மாலை, மரப்பு இறங்கிச் சாப்பிட உட்காரும்போது தெரியவரும். ‘அந்தப் பல் முதலில் தொடுகிறது’ என்று தோன்றும். ஒன்றிரண்டு நாளில் கடித்தால் வலி, தட்டினால் வலி, கொஞ்சம் கூச்சம் என்று வளரும்.

அடைப்பு உயரமாக இருக்கிறது. மயிர் ஒன்றின் தடிமனே 0.05 முதல் 0.1 மி.மீ. நார்ப்படலம் உணர்வது அதைவிட மெல்லியது. வாய் மூடும்போது 28 பற்களுக்கும் பங்காகப் போக வேண்டிய சுமை முதலில் இந்த ஒரு பல்மேல் விழுகிறது. நார்ப்படலம் வீங்குகிறது, வீக்கம் பல்லை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளுகிறது, அது இன்னும் சீக்கிரம் தொடுகிறது. தானாக முடியாத சுற்று இது.

இந்தத் தவறு திறமையான கைகளிலும் நடக்கும். மரத்துப்போன வாயால் சரியாகக் கடிக்க முடியாது. சாய்ந்த நாற்காலியில் தாடை கொஞ்சம் பின்னுக்குச் சரியும், நிமிர்ந்து உட்கார்ந்தால் கடி மாறும். எனவே எழுவதற்கு முன், நாற்காலியை நிமிர்த்தச் சொல்லி, மைத்தாளை (பல் தொடும் இடத்தில் நிறம் பதியும் தாள்) வைத்து இன்னொரு முறை கடித்துக் காட்டுங்கள். வெறுமனே டக் டக் என்று மூடினால் போதாது, தாடையை இடம் வலம் அரைத்தும் காட்ட வேண்டும். அசை போடும்போது மட்டும் இடிக்கும் உயரம் நேராகக் கடித்தால் தெரியாது. பல்லில் நடுவில் வெள்ளையும் சுற்றி நீல வளையமும் விழுந்தால், சுமை அழுந்தும் இடம் அதுதான்.

‘போகப் போகச் சரியாகிடும்’ என்ற ஆறுதலை இரண்டு நாளுக்கு மேல் ஏற்காதீர்கள். திரும்பிப் போங்கள், சீவிவிட ஐந்து நிமிடம் ஆகும். சீவிய பிறகு வலி அன்றே முழுதும் போகாது. புண்பட்ட நார்ப்படலம் ஆற ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் பிடிக்கும். நகவெட்டியின் அரத்தால் வீட்டில் தேய்த்துக்கொள்பவர்கள் உண்டு. எனாமல் திரும்ப வளராது, தொடவே தொடாதீர்கள்.

மைத்தாளில் உயரம் இல்லை, ஆனால் கடித்தால் வலி, குளிருக்குக் கூச்சம், அதுவும் நான்கு வாரம் தாண்டியும் நிற்கிறது என்றால், பல் நிற அடைப்பு அடியில் ஒட்டாமல் விட்டிருக்கலாம். அதற்கு அடைப்பைப் பிரித்துப் புதிதாக வைப்பது ஒன்றே வழி.

தட்டினால் வலி, பல் நீண்டதுபோல் இருக்கிறது

உணவே வேண்டாம், எதிர்ப்பல் பட்டாலே வலி. ஐஸ் வைத்தால் அந்தப் பல் எதுவும் உணராது. சில நாள் முன்பு இரவெல்லாம் துடித்து, பிறகு ‘தானாகச் சரியாகி’, இப்போது கடித்தால் வலிக்கிறது என்ற வரிசை இருந்தால் சந்தேகமே வேண்டாம். துடித்தபோது கூழ் செத்துக்கொண்டிருந்தது, அடங்கியபோது செத்துவிட்டது, இப்போது கிருமி வேர்நுனியைத் தாண்டி நார்ப்படலத்துக்கு வந்துவிட்டது. அங்கே சேரும் திரவம் பல்லை உண்மையாகவே குழியிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. நீண்டதுபோல் தோன்றுவது பிரமை இல்லை.

ரூட் கேனால் அல்லது பல் எடுப்பது, இரண்டில் ஒன்று. மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாட்டிக் வீக்கத்தைச் சில நாள் அடக்கும், செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. அது முடிந்ததும் வலி திரும்பும். மருத்துவரைப் பார்க்கும்வரை பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, டெங்குச் சந்தேகம் இவற்றில் எதுவும் இருந்தால் கூடாது.

கன்னத்தில் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், சீழ் வெளிப்பக்கம் தோலை நோக்கி இழுக்கப்படலாம். கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றினாலும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கினாலும் ஈறு வெந்து வெளுத்துப்போகும். பிறகு வலி இரண்டு இடத்தில்.

மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலிக்கின்றன

சளி பிடித்து ஒரு வாரத்துக்குள் ஆரம்பித்ததா? குனிந்தால், படி இறங்கும்போது குலுங்கினால் அதிகமாகிறதா? மேல் கடைவாய்ப் பல் வேர்களுக்கு மேலே கன்னத்துச் சைனஸ் அறை இருக்கிறது, நடுவே சில நேரம் தாள் தடிமன் எலும்புதான். ஒரே ஒரு பல் மட்டும் தட்டினால் வலிக்கிறது என்றால் பல்லைப் பாருங்கள். வரிசையாக எல்லாம் வலித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நல்ல பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொள்ள வேண்டாம்.

ஒரே இடுக்கில் ஒவ்வொரு வேளையும் உணவு சிக்குகிறது

பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் தொடுபுள்ளி தளர்ந்தால் எதிர்ப்பல்லின் கூம்பு ஆப்பு போல இடுக்கில் இறங்கி, ஆட்டிறைச்சி நாரையும் கீரைத் தண்டையும் ஈறுக்குள் திணிக்கும். சாப்பிட்டு அரைமணி கழித்து இரு பற்களுக்கு நடுவே அழுத்துவதுபோல் மந்தமான வலி, எடுத்ததும் நிம்மதி. இதுதான் அடையாளம்.

40, 45 செ.மீ. பல்நூலை எடுத்து, விரல்களில் சுற்றி இடுக்கில் இறக்குங்கள். நல்ல தொடுபுள்ளி நூலைக் கொஞ்சம் தடுத்து, பிறகு ‘டிக்’ என்று உள்ளே விடும். தடையே இல்லாமல் நழுவினால் தொடுபுள்ளி திறந்திருக்கிறது. நூல் பிசிறுபிசிறாகக் கிழிந்தால் அங்கே சொத்தையோ அடைப்பின் பிதுங்கலோ இருக்கிறது. நூலை நேராக மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவினால் சிக்கியது வெளிவரும்.

சேஃப்டி பின், ஊசி, தீக்குச்சி மூன்றும் ஈறைக் கிழித்து இடுக்கைப் பெரிதாக்குகின்றன. இடுக்கு ஏற்கெனவே அகலமென்றால் பல்லிடை பிரஷ் வாங்குங்கள், கொஞ்சம் உரசிக்கொண்டு போகும் அளவு சரியானது. நிரந்தரத் தீர்வு, தொடுபுள்ளியைத் திரும்பக் கட்டும்படி அடைப்பை மாற்றுவது, எதிர்க்கூம்பின் கூர்மையைச் சீவுவது, அல்லது சாய்ந்து முளைத்த ஞானப்பல்லை எடுப்பது.

பல் எடுத்த இடத்தைச் சும்மா விட்டாலும் இதே கதைதான். பின்பல் இடைவெளியை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் துணையின்றி இறங்கி வரும். ஓரிரு ஆண்டில் மூன்று இடத்தில் சிக்கல்.

பல் ஆடுகிறது

விரலால் ஆட்டிப் பார்த்தால் விரலின் சதை அசைவதும் பல் அசைவதும் குழம்பும். இரண்டு ஸ்பூன் காம்புகளை உள்ளும் புறமும் வைத்து மெல்ல அசையுங்கள். 1 மி.மீ.க்குள் என்றால் முதல் நிலை, 1 மி.மீ.யைத் தாண்டினால் இரண்டாம் நிலை, மேலும் கீழும் அமுங்கினால் மூன்றாம் நிலை. காலையில் எழுந்தவுடன் கொஞ்சம் கூடுதலாக ஆடுவது இயல்பு. மாலையில் ஒருமுறை பார்த்து ஒப்பிடுங்கள்.

எலும்பு இறங்கியதால் ஆடும் பல்லும், அதிகச் சுமையால் ஆடும் பல்லும் ஒன்றல்ல. எலும்பு சரியாக இருந்து உயரமான கேப்பாலோ அரைப்பதாலோ ஆடினால், சுமையைக் குறைத்த சில வாரங்களில் இறுகிவிடும். எலும்பு இறங்கியிருந்தால் கணக்கு மாறுகிறது. மண்ணில் ஒன்றரை அடி புதைத்த கம்பமும் அரை அடி புதைத்த கம்பமும் ஒரே தள்ளலுக்கு ஒரே மாதிரி ஆடுமா? வெளியே நீண்ட பகுதி நெம்புகோலாகிறது, முன்பு தாங்கிய அதே சாதாரணக் கடி இப்போது அதிகச் சுமையாகிறது. மேல் முன்பற்கள் மெல்ல விசிறிபோல் விரிந்து இடைவெளி விழுவது இதனால்தான்.

முதல் வேலை கிளீனிங், தேவைப்பட்டால் ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வது. ‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்ற பேச்சு எத்தனையோ பேரின் பற்களைப் பறித்திருக்கிறது. பல்லில் படிந்து கெட்டியான அழுக்கான காரை பற்களைச் சிமென்ட் போலப் பிடித்துக்கொண்டிருந்தது, எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீக்கம் வடிய வடிய ஆட்டம் குறையும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்த பிறகே எந்தப் பல்லை எடுப்பது, எதைக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவையும் காட்டுங்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஈறு ஆறாது. கர்ப்ப காலத்தில் வரும் லேசான ஆட்டம் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காலையில் எழுந்ததும் தாடை கனக்கிறது, எந்தப் பல் என்று தெரியவில்லை

இரவில் பல் அரைக்கிறீர்கள். கன்னத்தைக் கண்ணாடியில் பாருங்கள்: உள்பக்கம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த பள்ளங்கள், கோரைப்பற்களின் நுனி சப்பை. மெல்லும்போது சுமை நேராக, நொடிப்பொழுது விழுகிறது. அரைக்கும்போது பக்கவாட்டில், பல நொடி தொடர்ந்து விழுகிறது. நார்ப்படலத்துக்கு ஆகாத இரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

பகலில் சரிசெய்ய முடிந்ததை முதலில் சரிசெய்யுங்கள். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது, நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். உதடு மூடி, பல் விலகி, நாக்கு மேலண்ணத்தில் சும்மா. கம்ப்யூட்டரிலும் வண்டியின் கண்ணாடியிலும் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். இரவு படுக்குமுன் கன்னத்தில் ஈர வெந்நீர்த் துணி பத்து நிமிடம் (வீக்கம் இல்லாதபோது மட்டும்). மாலைக்குப் பின் காபி, மது வேண்டாம். சில மனச்சோர்வு மாத்திரைகள் அரைப்பதைத் தூண்டும். தானாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவைப்படலாம்.

இரவில் பற்கள்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக்காக இருக்கட்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ரப்பர் உறையைச் சிலர் சூயிங்கம் போல மெல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

காதுக்கு முன்னால் சொடுக்கு, வாய் திறக்கவில்லை

வலியில்லாத சொடுக்குக்குச் சிகிச்சை வேண்டாம். வலியிருந்தால் இரண்டு வாரம் இட்லி, குழைந்த சோறு, இருபக்கமும் சமமாக மெல்லுதல். கொட்டாவி வரும்போது கீழ்த்தாடையைக் கையால் தாங்குதல். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிந்தால் திறப்பு இயல்பானது. ஒருநாள் திடீரென்று இரண்டு விரலோடு நின்றுவிட்டால் தாடை மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற தட்டு நழுவியிருக்கலாம், ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் திறப்பு குறைந்து, காரம் பட்டாலே வாய் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைத்திருந்தால் அது மூட்டு இல்லை. பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு வரும் நார்க்கட்டு அது, புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை அன்றே நிறுத்தி, வாய் மருத்துவரைப் பாருங்கள்.

கிளிப்பை இறுக்கிய பிறகு மெல்ல முடியவில்லை

நான்கு மணி நேரத்தில் ஆரம்பித்து மறுநாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அடங்குவது எதிர்பார்க்கப்பட்டதே. பற்கள் லேசாக ஆடுவதும் அப்படியே. பாராசிட்டமால் போதும். ஒரே ஒரு பல் மட்டும் ஒரு வாரம் தாண்டியும் வலித்தால், எதிர்ப்பல் பிராக்கெட்டை (பல்லில் ஒட்டிய கிளிப் துண்டு) இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதம் சுமார் 1 மி.மீ. நகர்வதே நல்ல வேகம். ‘சீக்கிரம் முடியணும், இன்னும் இறுக்குங்கள்’ என்று கேட்காதீர்கள். விசை மிகுந்தால் நார்ப்படலத்தில் ரத்த ஓட்டம் நின்று பல் நகர்வதே தாமதமாகும், வேரும் கரையலாம்.

இம்ப்ளான்ட், பல்செட்

எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேரான இம்ப்ளான்டுக்கு நார்ப்படலம் கிடையாது. எலும்போடு நேராக ஒட்டியிருப்பதால் கல் கடிபட்டாலும் எச்சரிக்கை மந்தமாகவே வரும். முழுப் பல்செட்டில் கடிக்கும் பலம் இயற்கைப் பல்லின் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும். உணவைச் சிறு துண்டாக்கி இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும்.

இம்ப்ளான்ட் மேல் உள்ள கேப் திடீரென்று ஆடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இருக்கும் திருகாணிதான் தளர்ந்திருக்கும். ஆனால் அதோடு மென்றுகொண்டே இருக்கக் கூடாது. தளர்ந்த திருகாணி வளைந்து உள்ளேயே முறிந்தால் எடுப்பது பெரும்பாடு. அந்தப் பக்கம் மெல்லாமல் இரண்டு, மூன்று நாளுக்குள் போய் இறுக்கிக்கொள்ளுங்கள். கூடவே மைத்தாளில் கடியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடி உயரமாக இருந்தால் இறுக்கிய திருகாணி மறுபடி தளரும்.